மூன்று கிட், ஒரு ஃபயர்ஃபிளை: 1/35-இல் கலப்பு ஹல் ஷெர்மன் கட்டுவது எப்படி

இரண்டாம் உலகப்போரின் ஃபயர்ஃபிளை டாங்கியே ஒரு ஒட்டுவேலைதான். அமெரிக்காவில் செய்த ஷெர்மனை எடுத்து, பிரிட்டிஷ் பட்டறைகளில் அதன் டரெட்டின் (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு) பின்சுவரைத் துளைத்து, அந்த டரெட்டுக்குள் அடங்காது என்று கருதப்பட்ட 17 பவுண்டர் பீரங்கியைக் கொண்டுபோய் வைத்தார்கள். அதிலும் ஷெர்மன் 1சி ஹைப்ரிட் என்று ஒரு வகை உண்டு. அதில் ஹல்லே (வண்டியின் உடற்கூடு) இரண்டு பாதி, முன்பாதி வார்ப்பு, பின்பாதி உருட்டிய தகடுகளை வெல்டிங் செய்தது. ஆக, 35-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வெட்டிச் சேர்த்து ஒரு டாங்கி கட்டிப் பழக நினைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது, ஏனென்றால் நாம் மேசையில் செய்யப்போகும் வெட்டையும் ஒட்டையும் 1944-க்கு முன்பே தொழிற்சாலையில் நிஜ இரும்பில் செய்துவிட்டார்கள்.

இந்த வகைக்கு முழுக் கிட்டாகவே ஒன்று வந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து ஒட்டிவிட்டுப் போக வேண்டும் என்றால் அதை வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை, அலமாரியில் பாதி கட்டிய ஷெர்மன்களும் மிச்ச ஸ்ப்ரூக்களும் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டங்கள்) குவிந்து கிடப்பவர்களுக்கும், வெட்டுவதில்தான் சுகம் என்று நினைப்பவர்களுக்கும்.

முழு வேலைக்கும் ஒரே விதிதான். நிஜ வண்டியில் எங்கே வெல்டிங் ஓடுகிறதோ அங்கே வெட்டுங்கள். பட்டறையில் எந்த வரிசையில் மாற்றினார்களோ அந்த வரிசையில் மாற்றுங்கள். அப்படிச் செய்தால் பிளாஸ்டிக்கில் விழும் இணைப்புக் கோட்டை மறைக்கப் படாத பாடு படவேண்டியதில்லை, அந்தக் கோடு அங்கே இருக்க வேண்டியதுதான்.

எந்த மூன்று கிட்

முதலாவது, சாதாரண எம்4 (ஷெர்மனின் அமெரிக்கப் பெயர்), 75 மி.மீ. பீரங்கி உள்ளது, தகடுகளை வெல்டிங் செய்த ஹல். இதிலிருந்து கீழ் ஹல், போகிகள் (சக்கரத் தொகுதிகள்), மேல் ஹல்லின் பின்பாதி, எஞ்சின் தளம் எல்லாம் வரும். இரண்டாவது, எம்4ஏ1, அதிலும் ஓட்டுநர் தலைக்கு மேல் பெரிய ஹட்ச் (ஆள் நுழையும் மூடி) உள்ள பிந்தைய வகை, பெரும்பாலும் 76 மி.மீ. பீரங்கியோடு வரும் கிட். இதன் ஹல் முழுக்க வார்ப்பு, நமக்கு வேண்டியது அதன் மூக்குப்பகுதி மட்டும். மூன்றாவது, ஏதாவது ஒரு ஃபயர்ஃபிளை, பெரும்பாலும் 5சி. இதிலிருந்து டரெட்டும் பீரங்கியும்.

இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பின்பாதிக்கு எம்4ஏ3 கிட் கையில் இருக்கிறதே, அதுவும் வெல்டிங் ஹல்தானே என்று அதை எடுத்துவிடாதீர்கள். எம்4ஏ3-இல் இருப்பது ஃபோர்டின் வி8 எஞ்சின், எம்4ஏ2-வில் இரட்டை டீசல், இரண்டுக்கும் எஞ்சின் தளத்துக் கிரில், பின்தட்டு எல்லாமே வேறு. எம்4, எம்4ஏ1 இரண்டிலும் மட்டும்தான் அதே ஒன்பது சிலிண்டர் ரேடியல் எஞ்சின், அதனால்தான் இந்த இரண்டையும் துணிந்து சேர்க்க முடிகிறது. ஷெர்மன் தெரிந்தவர்கள் மாடலைக் கையில் எடுத்ததும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். 5சி கிட்டின் ஹல்லும் இதற்கு உதவாது. அது எம்4ஏ4, ஐந்து ஆறு-சிலிண்டர் எஞ்சின்களை ஒன்றாகக் கோத்து முப்பது சிலிண்டர் வைத்த வண்டி, அந்தப் பூதத்துக்கு இடம் விட ஹல்லையே சுமார் 28 செ.மீ. நீட்டினார்கள். 1/35-இல் அது 8 மி.மீ. போகிகளுக்கு இடையே இடைவெளி பளிச்சென்று தெரியும், டிராக்கிலும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) பக்கத்துக்கு 79-க்குப் பதில் 83 இணைப்பு. அந்த ஹல்லைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வேறொரு நாள் உதவும்.

வெட்டுவதற்கு முன்

கத்தியைத் தொடுமுன் ஒரு குறிப்பிட்ட வண்டியின் படங்களைச் சேகரியுங்கள். பொதுவாக ஃபயர்ஃபிளை படங்கள் என்று இல்லை, ஒரே ஒரு வண்டி. ஷெர்மன் பல தொழிற்சாலைகளில் ஒரே சமயத்தில் செய்யப்பட்டதால் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே பத்து வித்தியாசம் இருக்கும். பத்து வண்டியின் படங்களைக் கலந்து கட்டினால் எந்த வண்டியிலும் இல்லாத ஒன்று உருவாகும். ஒரு வண்டிக்கு எல்லாப் பக்கமும் படம் கிடைக்காது, கிடைக்காத பக்கத்துக்கு மட்டும் அதே வகையின் இன்னொரு வண்டியைப் பாருங்கள், அருங்காட்சியக வண்டியென்றால் பிற்காலத்தில் மாற்றி ஒட்டியவை இருக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அளவு. பெட்டியில் 1/35 என்று போட்டிருப்பதால் இரண்டு கம்பெனியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும் என்று நம்பக்கூடாது. வெர்னியர் எடுத்து மூன்று இடங்களை அளந்தால் போதும். ஷெர்மனின் டரெட் வளையம் 69 அங்குல விட்டம், 1/35-இல் கிட்டத்தட்ட சரியாக 50 மி.மீ. வண்டியின் அகலம் சுமார் 2.62 மீட்டர், அதாவது 75 மி.மீ.க்கு ஒரு நூலிழை குறைவு. டிராக் அகலம் 12 மி.மீ. கணக்குப் போட இன்னொரு சுருக்கு வழி: நிஜத்தில் ஒரு அங்குலம் என்றால் மாடலில் 0.73 மி.மீ. மேல் ஹல்லின் அகலத்தை இரண்டு கிட்டிலும் அளந்து வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்துக்கு 0.3 மி.மீ. வரை இருந்தால் வெல்டிங் கோடு விழுங்கிவிடும். அதற்கு மேல் என்றால் அகலமான பாகத்தின் உள்பக்கத்தைத் தேய்க்கவோ, குறுகியதில் நடுக்கோட்டில் மெல்லிய பட்டை வைத்து விரிக்கவோ வேண்டிவரும். விரிப்பதைவிடத் தேய்ப்பது நல்லது, நடுக்கோட்டில் கைவைத்தால் மூக்கின் வளைவு கெட்டுவிடும்.

டரெட்டை 5சி கிட்டிலிருந்து எடுத்து எம்4-இன் வளையத்தில் இப்போதே வைத்துப் பாருங்கள். வளையத்தின் விளிம்பில் பூட்டிக்கொள்ளும் காதுகள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். பொருந்தவில்லை என்றால் காதுகளை வெட்டிவிட்டு, டரெட் தன் எடையிலேயே உட்காரட்டும் என்று விட்டுவிடலாம், நான் எப்போதும் அப்படித்தான் விடுகிறேன்.

வெட்டு

கலப்பு ஹல்லில் வார்ப்பு எங்கே முடிகிறது என்பதை மேல்தளத்திலும் பக்கவாட்டிலும் படத்தில் பார்த்து, எம்4 கிட்டின் ஹல் மேல் பென்சிலால் வரையுங்கள். ஓட்டுநர் ஹட்சுகளைத் தாண்டி டரெட் வளையத்தை நெருங்கும் இடத்தில்தான் அந்தக் கோடு ஓடும், பக்கவாட்டில் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே இறங்கும். அதே கோட்டை எம்4ஏ1 ஹல்லிலும் வரையுங்கள். இதற்கு டைமோ லேபிள் டேப் மாதிரி வேறொன்று இல்லை, தடிமனாக இருப்பதால் கத்தி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும், வளைவின் மேலும் ஒட்டும்.

வெட்டும்போது கோட்டின் மேலேயே வெட்டாதீர்கள். தேவையான பாகத்தில் அரை மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டி, அப்புறம் கோடு வரைக்கும் தேய்த்து வாருங்கள். ரம்பத்தின் பல்லே ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் பிளாஸ்டிக்கைத் தின்னும், அந்தக் கணக்கை மறந்தால் இரண்டு பாதியும் சேரும்போது வண்டி குட்டையாகிவிடும். முதலில் கத்தியின் முதுகால் டேப் ஓரமாக நாலைந்து முறை கீறுங்கள், அழுத்த வேண்டாம், கீறல் ஆழமானதும் மெல்லிய ரேசர் ரம்பத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து, இழுக்கும்போது மட்டும் அறுக்கும்படி மெதுவாகப் போங்கள். டரெட் வளையத்தை ஒட்டிய மூலைகளில் ரம்பம் நுழையாது, அங்கே 0.5 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு இடையில் கத்தியால் கீறிப் பிரித்துவிடலாம். சுழலும் கருவியில் வெட்டுத் தகடு மாட்டி அறுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வேகத்தில் பிளாஸ்டிக் உருகி ஓரம் சுருண்டுவிடும், அதைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் கையாலேயே இரண்டு ஹல்லை வெட்டிவிடலாம்.

தேய்ப்பதற்கு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் பாகத்தைத் தேய்த்தால் ஓரம் நேராக வரும். நடுநடுவே இரண்டு பாதியையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், ஒளி கசியும் இடம்தான் இன்னும் மேடு குறையாத இடத்துக்கு அடுத்தது.

ஒட்டு

மூக்குப்பகுதி பின்பாதியோடு சேர்வது ஒரு பக்கம், முன்னால் கியர்ப்பெட்டி மூடியோடு சேர்வது இன்னொரு பக்கம். இரண்டாவதைப் பலரும் கடைசிக்கு விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிரச்சினை வரும். மூடியும் மூக்கும் போல்ட் போட்டு இணையும் விளிம்பு வண்டியின் முகத்தில் நேருக்கு நேர் தெரியும் இடம். ஆகவே மூக்கை எந்தக் கிட்டிலிருந்து எடுத்தீர்களோ அந்தக் கிட்டின் கியர்ப்பெட்டி மூடியையும் அதோடு சேர்த்தே எடுங்கள். அந்த மூடி எம்4-இன் கீழ் ஹல்லோடு பொருந்தாமல் போகலாம், ஆனால் அந்தத் தகராறு அடியிலும் ஸ்ப்ராக்கெட்டுக்கு (டிராக்கை இழுக்கும் பல்சக்கரம்) பின்னாலும் நடக்கும், யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே தேய்க்க வேண்டியதைத் தேய்த்து, இடைவெளியைப் பிளாஸ்டிக் பட்டையால் அடைத்துவிடுங்கள். மூடியின் வகை உங்கள் வண்டிப் படத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கத்தில் ஒட்டுக்கு முட்டுக் கொடுக்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் ஒரு செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டி, பின்பாதியின் உள்ளே பாதி ஒட்டியும் பாதி வெளியே நீட்டியும் வையுங்கள். அது காய்ந்ததும் மூக்கு அந்த நாக்குகளின் மேல் வந்து உட்காரும். மேல் ஹல்லைக் கீழ் ஹல் மேல் வைத்து, மூடியையும் மாட்டி, எல்லாம் ஒன்றாகப் பொருந்தி நிற்கும் நிலையில்தான் மெல்லிய திரவப் பசையை உள்பக்கமாக ஓடவிட வேண்டும். ஒட்டும்போது மேல் ஹல் தனியாகக் காற்றில் இருந்தால் அது தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டு காயும், மறுநாள் டிராக் மேல்தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மாஸ்கிங் டேப் போட்டு இறுக்கி, சமதளத்தில் வைத்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள். டரெட் வளையம் வட்டமாகவே இருக்கிறதா என்று மட்டும் போகும்போது ஒருமுறை பாருங்கள்.

மிச்சம் தெரியும் இடைவெளிக்குக் கடையில் விற்கும் புட்டியைவிட ஸ்ப்ரூ கூழ் நல்லது. அதே கிட்டின் ஸ்ப்ரூவைச் சிறுசிறு துண்டாக வெட்டி, பாதி தீர்ந்த திரவப் பசை பாட்டிலில் போட்டு வைத்தால் ஒரு நாளில் தேன் பதத்துக்குக் கரைந்துவிடும். காய்ந்த பிறகு அதுவும் பிளாஸ்டிக்கேதான், கத்தி, அரம், துளைக்கருவி எதற்கும் சுற்றியுள்ள பாகத்தைப் போலவே வளைந்து கொடுக்கும். ஒரே குறை, காயும்போது சுருங்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் சில நாள் கழித்து அதே இடத்தில் பள்ளம் விழும். தடிமனாக அப்பினால் அடியிலுள்ள பாகமே இளகிவிடும், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை போடுங்கள்.

வார்ப்பும் தகடும்

கலப்பு ஹல்லின் அழகே இந்த இடத்தில்தான். மூக்கு மணல் அச்சில் வார்த்த எஃகு, தோல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அதைத் தொட்டு நிற்கும் பக்கத்தகடு உருட்டாலையில் இருந்து வந்தது, வழுவழு. இந்த இரண்டும் வேறு வேறு பொருள் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் மாடல் ஜெயித்துவிட்டது, பெயிண்டுக்கு அப்புறம் பாதி வேலைதான்.

வார்ப்புத் தோலுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 போன்ற கெட்டியான ஃபில்லரைத் தொட்டு, முடி குட்டையாக வெட்டிய பழைய பிரஷ்ஷால் நிமிர்த்திக் குத்துங்கள், தடவக் கூடாது. பாதி காய்ந்ததும் பசையில் லேசாக நனைத்த பிரஷ்ஷால் இன்னொரு முறை குத்தினால் கூர்முனைகள் மழுங்கும். முழுக்கக் காய்ந்ததும் நுண்ணிய உப்புத்தாளால் மேடுகளை மட்டும் தடவிவிடுங்கள். பலர் இதை மிகைப்படுத்திவிடுகிறார்கள். 35-இல் ஒரு பங்காகக் குறைத்தால் நிஜச் சொரசொரப்பு கையில் தட்டுப்படுவதே அரிது, ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். ஹட்ச் மூடிகளின் ஓரம், மூடியோடு சேரும் போல்ட் விளிம்பு ஆகியவை எந்திரத்தில் கடைந்தவை, அங்கே சொரசொரப்பு வேண்டாம், முன்கூட்டியே டேப் போட்டு மறைத்துவிடுங்கள். வார்ப்பு எண்கள் வேண்டும் என்றால் ஸ்ப்ரூ சட்டத்தில் புடைத்து நிற்கும் எழுத்துகளைப் புதுக் கத்தியால் சீவி எடுத்து, ஒரு துளிப் பசையில் உட்கார வைக்கலாம். கத்தியை அசைக்காமல் ஸ்ப்ரூவை நகர்த்திச் சீவினால் எழுத்து பறந்துபோகாது.

இனி வெல்டிங் கோடு. ஸ்ப்ரூவை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடரைத் தொடாமல் சூடாக்கி இழுத்தால் நூல் கிடைக்கும், 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமன் போதும். இரண்டு பாதியும் சேரும் கோட்டில் ஒரு பள்ளம் கீறி அதில் நூலைப் படுக்க வைத்து, மேலே திரவப் பசையை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். சில நிமிடத்தில் நூல் வெண்ணெயாக இளகும், அப்போது மழுங்கிய கத்தி முனையால் நெருக்கநெருக்கமாக, ஒரே பக்கம் சாய்த்து அழுத்திக்கொண்டே போனால் வெல்டிங் அலை அப்படியே விழும். எபாக்ஸி புட்டியைப் புழுவாக உருட்டி வைத்தும் செய்யலாம், நேரம் அதிகம் கிடைக்கும், ஆனால் நீண்ட கோட்டில் தடிமனை ஒரே சீராக வைப்பது கடினம், ஆகவே மேல்தளத்துக்கு நூல், பிடிப்பு கிடைக்காத மூலைகளுக்குப் புட்டி.

எம்4ஏ1-இன் மூக்கு கலப்பு ஹல்லின் மூக்கோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது, படத்தோடு வைத்துப் பார்த்தால் வளைவில் வித்தியாசம் தெரியும். சொரசொரப்புக்கு முன்னதாகவே எபாக்ஸி புட்டியால் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திருத்தியதும் அட்டையில் அந்த வளைவை வெட்டி எடுத்து மறுபக்கத்துக்கும் பிடித்துப் பார்த்தால் இரண்டும் சமமாக வரும்.

ஹல்லில் பட்டறை செய்த வேலைகள்

17 பவுண்டரின் குண்டுகள் நீளமானவை, வைக்க இடம் வேண்டும் என்று ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்த எந்திரத்துப்பாக்கிக்காரரை எடுத்துவிட்டு, ஐந்து பேர் குழுவை நான்காக்கினார்கள். ஆகவே மூக்கின் வலப்பக்கம் துப்பாக்கியின் பந்துமூட்டு இருக்கக் கூடாது, அந்த இடத்தில் ஒரு கவச மூடி இருக்கும். கிட்டின் பந்தைச் சீவி எடுத்துவிட்டு, 5சி கிட்டில் அந்த மூடி தனிப் பாகமாக வந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சாய்வான தட்டைத் தகட்டுக்காகச் செய்தது, நம் மூக்கோ வளைந்தது. மூக்கின் மேல் மெல்லிய பாலிதீன் தாளைப் போர்த்தி, மூடியின் அடியில் எபாக்ஸி புட்டி வைத்து அழுத்தினால் வளைவு மூடியின் அடியில் பதிந்துவிடும், காய்ந்ததும் கழற்றி ஓரத்தை வெட்டிவிட்டு ஒட்டி, சுற்றிலும் வெல்டிங் போடலாம்.

பக்கவாட்டில் குண்டுப்பெட்டிகள் இருந்த இடங்களை மறைத்து ஒட்டுக் கவசத் தகடு வைத்திருப்பார்கள், வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. நிஜத்தில் ஒரு அங்குலத் தடிமன், நமக்கு 0.75 மி.மீ. பிளாஸ்டிக் தகடு கச்சிதம். கிட்டிலேயே வார்த்து வந்தால் அதன் ஓரங்கள் பெரும்பாலும் மென்மையாகத்தான் இருக்கும், சீவிவிட்டுப் புதிதாக வெட்டி ஒட்டுங்கள், அரை மணி நேர வேலை. தகட்டின் ஓரத்தை நேராக விடாமல் கத்தியால் கொஞ்சம் கரடாக்கினால் வாயுச்சுடரில் வெட்டியது போல இருக்கும்.

பழைய கிட்டுகளில் ஒரு கேடு உண்டு. மேல் ஹல்லுக்கும் கீழ் ஹல்லுக்கும் நடுவே, டிராக்குக்கு மேலே, தரையே இருக்காது. அடியிலிருந்து பார்த்தால் வண்டிக்குள் வெளிச்சம் தெரியும். 0.5 மி.மீ. தகட்டால் இரு பக்கமும் அடைத்துவிடுங்கள், மேல் ஹல்லுக்கு அது முட்டாகவும் ஆகும். எஞ்சின் தளத்தில் பயணத்தின்போது பீரங்கியைப் பின்னால் திருப்பிப் பூட்டும் கவட்டை வேண்டும், பின்தட்டில் ஒரு சாமான் பெட்டி வேண்டும், இரண்டும் 5சி கிட்டில் கிடைக்கும்.

டரெட்டும் பீரங்கியும்

5சி கிட்டின் டரெட்டை அப்படியே வைத்தால் போதும்தானே என்றால், பெரும்பாலும் போதும். ஆனால் எதை எதற்காக மாற்றினார்கள் என்று தெரிந்து கட்டினால் எங்கே வெல்டிங் வரும், எங்கே வராது என்ற கேள்விக்கே இடமில்லை. விக்கர்ஸைச் சேர்ந்த கில்போர்ன் என்ற பொறியாளர்தான் அந்தப் பீரங்கியை ஷெர்மனுக்குள் அடக்கியவர். பின்னுதைப்பைத் தாங்கும் உருளைகளைக் குட்டையாக்கிப் பக்கவாட்டுக்கு மாற்றினார், குண்டு போடும் வாயைக் கிடைமட்டமாகத் திருப்பி இடப்பக்கமிருந்து போடும்படி செய்தார். அப்படியும் இடம் போதாமல், டரெட்டின் பின்னால் இருந்த ரேடியோவை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பின்சுவரில் துளை வெட்டி, வெளியே ஒரு கவசப் பெட்டி சேர்த்து அதற்குள் ரேடியோவை வைத்தார்கள், நீண்ட குழாய்க்கு அது எதிர் எடையாகவும் ஆயிற்று. உள்ளேயோ பீரங்கியின் பின்பகுதி டரெட்டை இரண்டாகப் பிரித்துவிட்டது, குண்டு போடுபவர் அவசரத்துக்குத் தளபதியின் ஹட்ச் வழியாக வெளியேற முடியாது. அதனால் அவர் தலைக்கு மேலே, கூரையின் இடப்பக்கம், தனியாக ஒரு ஹட்ச் வெட்டினார்கள்.

இதை மாடலில் காட்டுவது இப்படி. டரெட்டின் தோல் வார்ப்பு, சொரசொரப்பு வேண்டும். பின்பெட்டியோ தகடுகளில் செய்தது, வழுவழுவென்று கூர்மூலையோடு இருக்க வேண்டும், இரண்டும் சேரும் இடத்தில் தெளிவான வெல்டிங். கூரையில் புது ஹட்சைச் சுற்றிய சட்டத்துக்கும் அதே மாதிரி. 5சி டரெட் கைவசம் இல்லாமல் சாதாரண 75 மி.மீ. டரெட்டிலிருந்து தொடங்குபவர்கள் பெட்டியை 1 மி.மீ. தகட்டில் கட்டலாம், ஆனால் டரெட்டின் பின்சுவர் வளைந்தது, பெட்டியின் முன்விளிம்பை அந்த வளைவுக்குத் தேய்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். டரெட்டின் மேலேயே உப்புத்தாளை டேப் போட்டு ஒட்டி, பெட்டியை அதன் மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் வளைவு தானாக வந்துவிடும். பக்கச்சுவர்கள் நழுவாமல் இருக்க உள்ளே குறுக்குச் சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரங்கிக் குழாய்க்குக் காசு செலவழிக்கலாம் என்றால் கடைந்த உலோகக் குழாய் வாங்குங்கள், இந்த மாடலில் நான் சிபாரிசு செய்யும் ஒரே கூடுதல் செலவு அதுதான். 17 பவுண்டரின் விட்டம் 76.2 மி.மீ., நீளம் அதைப்போல் 55 மடங்கு, அதாவது சுமார் 4.19 மீட்டர், 1/35-இல் ஏறக்குறைய 120 மி.மீ. ஷெர்மன் ஹல்லின் மொத்த நீளமே மாடலில் 167 மி.மீ. பக்கம்தான், ஆகவே இவ்வளவு நீண்ட பிளாஸ்டிக் குழாயை இரண்டு பாதியாக ஒட்டி, மடிப்புக் கோடு தெரியாமல், அதே சமயம் வட்டம் கெடாமல் தேய்ப்பது பெரிய பாடு. பிளாஸ்டிக்கிலேயே செய்வதென்றால் பட்டையாக வெட்டிய உப்புத்தாளைக் குழாயைச் சுற்றிப் போட்டு இரு முனையையும் மாறிமாறி இழுங்கள், தட்டையாகத் தேய்க்காதீர்கள். அந்த 120 மி.மீ.யில் ஒரு பகுதி டரெட்டுக்குள் போய்விடும், முனையின் மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் வாய்த்துண்டு) அதில் சேராது, இதை நினைவில் வைத்துத்தான் படத்தோடு ஒப்பிட வேண்டும். உலோகக் குழாயைப் பிளாஸ்டிக் மேன்ட்லெட்டில் (டரெட்டின் முகத்தில் குழாயைச் சுற்றிய கவசம்) மாட்டத் திரவப் பசை உதவாது, உடனடிப் பசையோ எபாக்ஸியோ வேண்டும். நான் எபாக்ஸிதான், குழாய் நேராக நிற்கிறதா என்று மேலேயும் பக்கத்திலும் பார்த்துத் திருத்த ஐந்து நிமிடம் கிடைக்கும். குழாய் கனமாக இருந்தால் டரெட் முன்னால் கவிழும், பின்பெட்டிக்குள் மீன்பிடி ஈயத்தை ஒட்டி வைத்துவிடுங்கள். நிஜத்தில் ரேடியோ செய்த அதே எதிர் எடை வேலை.

போகிகள் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை, எம்4 கிட்டில் உள்ளவை படத்தோடு ஒத்துப்போனால் அப்படியே கட்டுங்கள். அச்சுக்கோடுகளைச் சக்கரத்தின் ரப்பரிலிருந்து எடுக்க மறக்க வேண்டாம். டிராக் தனித்தனி இணைப்பாக இருந்தால் நல்லது, பக்கத்துக்கு 79. ரெசின் பாகங்கள் எதையாவது சேர்த்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே ஒட்டுங்கள். ரெசினை உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துகள் வடிகட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். திரவப் பசைக்கும் லாக்கர் பெயிண்டுக்கும் ஜன்னலைத் திறந்து வைப்பது அவசியம்.

பெயிண்ட்

மூன்று கிட் என்றால் மூன்று நிறப் பிளாஸ்டிக், நடுவில் புட்டி, உலோகம், பசைத் தழும்பு என்று கண் குழம்பிப்போகும். எந்தக் குறை எங்கே என்று இந்த நிலையில் தெரியாது. மெல்லிசாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்து, சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெல்டிங் கோட்டில் ஊசித்துளைகளும், சீவிய பந்துமூட்டின் தழும்பும் அப்போது வெளிவரும். சரிசெய்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர். கலப்பு ஹல்லில் வார்ப்புக்கும் தகட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே நிறச் சாம்பலில் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை. தெரியவில்லை என்றால் பக்கத்தகட்டை இன்னும் வழுவழுப்பாக்குங்கள், மூக்கில் மேலும் அப்பாதீர்கள்.

1944-இல் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு எஸ்சிசி 15 என்ற ஆலிவ் நிறம், அமெரிக்க ஆலிவைவிடக் கொஞ்சம் பச்சை தூக்கலானது. அமெரிக்காவிலிருந்து வந்த நிறத்திலேயே ஓடிய வண்டிகளும் உண்டு. இந்த வண்டிக்கு அழகான ஒரு வாய்ப்பு இதில் இருக்கிறது. ஹல்லை அமெரிக்க ஆலிவிலும், பட்டறை புதிதாகச் சேர்த்த பின்பெட்டி, மூக்கு மூடி, பீரங்கி ஆகியவற்றை எஸ்சிசி 15-இலும் அடித்தால், மேலே ஃபில்டர் என்ற மெல்லிய நிறப்பூச்சும் தூசும் படிந்த பிறகும் அந்த நிற வேறுபாடு மெலிதாகத் தெரிந்துகொண்டே இருக்கும். உங்கள் படத்து வண்டி அப்படித்தான் இருந்தது என்று கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது.

பீரங்கிக் குழாயின் நிறம் வேறு கதை. ஒரு ட்ரூப்பில் (சிறு டாங்கிப் படைப்பிரிவு) பெரும்பாலும் மூன்று சாதாரண ஷெர்மனும் ஒரு ஃபயர்ஃபிளையும், ஜெர்மானியர்கள் முதலில் குறிவைப்பது அந்த நீண்ட குழாயைத்தான். அதனால் குழாயின் முன்பாதியின் அடிப்பக்கத்தை வெளிர்நிறத்தில் அலையலையாக அடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் குட்டையான 75 மி.மீ. போலத் தெரியும்படி செய்தார்கள். மாடலில் இதை மாஸ்கிங் செய்து கூர்மையான ஓரத்தோடு அடிக்க வேண்டாம். கையால், பிரஷ்ஷால், அலை கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருப்பதே சரி. வெள்ளையை நேரடியாக எடுக்காமல் ஒரு துளி ஆலிவ் கலந்துகொள்ளுங்கள், சிறிய அளவில் தூய வெள்ளை கண்ணைக் குத்தும்.

அழுக்கு, துரு, சேறு எல்லாம் உங்கள் விருப்பம், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் கோட்டில் கரும்பழுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) ஓடவிடும்போது மூக்கு முழுவதும் பூசாமல் நுண்ணிய பிரஷ்ஷால் கோட்டில் மட்டும் தொட்டு வையுங்கள், அலைகளுக்கு நடுவே அதுவே ஓடும். மிச்சத்தைத் தின்னரில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்துவிடலாம். அடியில் அக்ரிலிக் பெயிண்டும், அதன் மேல் ஒரு பூச்சு அக்ரிலிக் வார்னிஷும் இருந்தால் ஆயில் பெயிண்ட் வாஷ் அதைக் கரைக்காது. டிராக்கைக் கடைசியில் மாட்டுங்கள், மேல்பக்கம் ரோலர்களின் மேல் தொய்ந்து படும்படி ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு துளிப் பசை வைத்து, காயும் வரை பஞ்சுத் துண்டை டிராக்குக்கும் ஹல்லுக்கும் நடுவே செருகி வைத்தால் தொய்வு நின்றுவிடும்.